வயித்த சின்னதாக்கின பிறகு: மிஸ்ஸி அக்காவிட கேள்வி பதில்

போன இதழ்ல முழங்கால் நோவுக்கு பதில் எழுதக்குள்ள போற போக்குல "நானும் எடை குறைக்கிற ஒப்பரேஷன் செஞ்சவள்தான்" எண்டு ஒரு வரி விட்டுட்டன். அவ்வளவுதான். முழங்கால ஒருத்தரும் கேக்கல்ல, வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாம் வயித்தப் பத்தித்தான். அதால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே. பேர் போடவேணாம் எண்டு எல்லாரும் கேட்டிரிக்கீங்க, ஊர் மட்டும் போடுறன். நான் நேர்ஸ், சேர்ஜன் இல்ல, உங்கட மருந்துல கைவைக்கிறது உங்கட டொக்டர்ட வேலை, அத மட்டும் மனசுல வெச்சுக்கொண்டு வாசிங்க.

மிஸ்ஸி அக்கா, எனக்கு வயசு 34, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 118 கிலோ. சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுறன். கொழும்புல ஒரு டொக்டர் ஸ்லீவ் ஒப்பரேஷன் செய்யலாம் எண்டாரு. அம்மா ஒரே அழுகை, "நல்ல வயித்த வெட்டி எறிஞ்சுட்டு என்னத்த சாப்பிடப்போற, செத்துப்போவாய்" எண்டு. உண்மையா என்னதான் செய்றாங்க, ஆபத்து எவ்வளவு?
— களுவாஞ்சிகுடி

தங்கச்சி, முதல்ல கணக்க பாப்பம். எடைய கிலோவுல எடுத்து, உயரத்த மீற்றர்ல எடுத்து அதால ரெண்டு தரம் பிரிச்சா வாறதுதான் பி.எம்.ஐ. உங்களுக்கு அது 47க்கு மேல போகுது. 1991ல அமெரிக்காவுல வெச்ச கணக்குப்படி 40 இரிக்கணும், இல்லாட்டி சீனி பிரஷர் மாதிரி வருத்தத்தோட 35 இரிக்கணும். 2022ல அத இறக்கிட்டாங்க, 35 எண்டா வேற வருத்தம் இல்லாட்டியும் செய்யலாம், நம்மள மாதிரி ஆசியாக்காரருக்கு 27.5ல இரிந்தே யோசிக்கலாம் எண்டு, ஏனெண்டா நமக்கு குறைஞ்ச எடையிலயே வயித்துக் கொழுப்பும் சீனியும் வந்து சேருது. ஆக நீங்க எந்தக் கணக்குல பாத்தாலும் உள்ளுக்குத்தான். அழகுக்கு செய்ற ஒப்பரேஷன் எண்டு ஆரும் சொன்னா காதுல போடாதீங்க.

ஸ்லீவ் எண்டா, வயித்துல நாலு அஞ்சு சின்ன ஓட்டை போட்டு, கமெரா விட்டு, இரைப்பையிட வெளிப்பக்கத்த நீளத்துக்கு ஸ்டேபிள் அடிச்சு வெட்டி எடுக்கிற. நாலுல மூணு பங்குக்கு மேல வெளிய போயிரும், மிச்சம் நிக்கிறது ஒரு வாழைப்பழம் மாதிரி. திரும்ப ஒட்டேலாது, அத நல்லா யோசிச்சு கையெழுத்து வைங்க. வெட்டி எடுக்கிற பக்கத்துலதான் பசியத் தூண்டுற கிரெலின் எண்ட ஹோர்மோன் கூட சுரக்கும், அதால இடம் குறையிறது மட்டுமில்ல, பசியும் குறையுது. எனக்கு முதல் மாசங்கள்ல பசி எண்டா என்னெண்டே மறந்துட்டு, ஆனா வாய் மட்டும் கேட்டுக்கொண்டே இரிந்திச்சு, பக்கத்து வீட்டுல மீன் பொரிக்கிற வாசத்துக்கு கண்ணுல தண்ணி வந்திரிக்கு. பசி வேற, ஆசை வேற எண்டு அப்பதான் உடம்பால விளங்கும்.

ஆபத்தப் பத்தி அம்மாக்கு இத வாசிச்சுக் காட்டுங்க. பழக்கமுள்ள இடத்துல செஞ்சா ஒப்பரேஷனால உசிர் போறது ஆயிரத்துல ஒண்டுக்குக் கிட்ட, பித்தப்பைக்கல் ஒப்பரேஷனும் ஏறத்தாழ அந்தளவுதான். ஆனா ஒண்டுமே வராது எண்டு நான் சொல்லமாட்டன். ஸ்டேபிள் அடிச்ச இடம் கசியலாம், நூத்துல ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு வரும், வீட்டுக்கு வந்த பிறகும் வரும். நெஞ்சு சும்மா இரிக்கக்குள்ளயே படபட எண்டு அடிக்குது, காய்ச்சல், வயித்து நோ கூடுது, இடது தோள்மூட்டு நோகுது எண்டா காத்துதான் எண்டு சுடுதண்ணி குடிச்சுக்கொண்டு இரிக்காம அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு போகணும், போற இடத்துல முதல் வார்த்தையா "எனக்கு ஸ்லீவ் செஞ்சிரிக்கு" எண்டு சொல்லணும். கால்ல ரத்தக்கட்டி வந்து நெஞ்சுக்கு ஏறுறது இன்னொண்டு, அதுக்குத்தான் அண்டைக்கே எழுப்பி நடக்க வைக்கிற. மயக்கம் தெளிஞ்ச கையோட வார்டுல என்னைய நடக்கச் சொன்ன நேர்ஸ நான் மனசுக்குள்ள ஏசின ஏச்சு, நானே இவ்வளவு காலமும் ஆக்கள நடக்கவெச்சவள்தான், என்ன செய்ற.

அங்கால பக்கத்தையும் பாக்கணும்தானே. சுவீடன்ல 1987ல தொடங்கி எடை குறைக்கிற ஒப்பரேஷன் செஞ்ச ஆக்களையும் செய்யாத ஆக்களையும் வருஷக்கணக்கா பாத்துக்கொண்டு வந்தாங்க, செஞ்ச ஆக்கள்ல மௌத்து குறைவு எண்டு 2007ல எழுதினாங்க. 47 பி.எம்.ஐயோட சீனியும் பிரஷரும் வெச்சுக்கொண்டு சும்மா இரிக்கிறதுக்கும் ஒரு ஆபத்து இரிக்கு, அத மட்டும் ஒருத்தரும் கணக்குல எடுக்கிறல்ல.

ஒப்பரேஷனுக்கு முந்தி ரத்தம், ஈ.சி.ஜி., ஸ்கேன், வாயால கமெரா, குறட்டை விடுறீங்களா எண்டு விசாரணை எல்லாம் இரிக்கும். அதெல்லாம் முடிய, ஒப்பரேஷனுக்கு முந்தின ரெண்டு கிழமைக்குக் கிட்ட கடும் டயட். அது எடைக்காக இல்ல, ஈரலுக்காக. நமக்கெல்லாம் ஈரல்ல கொழுப்பு ஏறி வீங்கி இரைப்பைக்கு மேல படுத்திரிக்கும், அத விலக்காட்டி சேர்ஜனுக்கு உள்ளுக்க இடமில்ல, டயட்டால அது சுருங்கும். இந்த ரெண்டு கிழமையிலதான் நம்மட சனம் "இனி எப்ப சாப்பிடப்போறம்" எண்டு நண்டுக்கறி, புரியாணி, கொத்து எண்டு ஊரெல்லாம் சுத்தி வழியனுப்பு விழா வைக்கிற. வேணாம்.

இனி அம்மா. நம்ம கிழக்குப் பக்கம் வீடு பொம்புளப்புள்ளைக்கு, கலியாணம் முடிச்சும் அம்மா நம்மளோடதான், இல்லாட்டி அடுத்த வளவுல. குசினி அவட கையில. ஒப்பரேஷன் உங்களுக்கு எண்டாலும் அதிர்ச்சி அவவுக்குத்தான். முதல் நாள்கள்ல குடிக்கிறது எப்பிடி எண்டா, பனடோல் பாணிப் போத்தலோட ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் வரும்தானே, 30 மில்லி கூட பிடிக்காது, அதுல சூப்புத் தண்ணிய ஊத்தி ஒரு சொட்டு உறிஞ்சி, கொஞ்சம் பொறுத்து, திரும்ப ஒரு சொட்டு. ஒரு கப் முடிய அரை மணித்தியாலம் போகும். எங்கம்மா குசினி வாசல்ல நிண்டு அதப் பாத்துட்டு உள்ளுக்க போய் அழுதுட்டு ஒரு கோப்பை நிறைய பால்கஞ்சியோட வந்தா, அப்பா இல்லாட்டி நான் குடிச்சிரிப்பன். அதால டயட் மிஸ் (சாப்பாட்டு முறை சொல்லித்தாறவ) கிட்ட போற அண்டைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்க. "ரெண்டு கிழமை தண்ணிச் சாப்பாடு, பிறகு ரெண்டு கிழமை மசிச்ச சாப்பாடு, பிறகு மெதுவானது, ரெண்டு மாசத்துக்குள்ள வீட்டுச் சாப்பாடு கொஞ்சமா" எண்டு அவ டயட் மிஸ்ஸிட வாயால கேக்கணும். மகள் சொன்னா நம்பமாட்டா.

ஒண்ட மறந்துட்டன், சீனிக் குளிசை. ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட சீனி இறங்கத் தொடங்கிரும், எடை குறையிறதுக்கு முந்தியே. பழைய டோஸ அப்பிடியே போட்டா சீனி அடியோட குறைஞ்சு விழுவீங்க. வீட்டுக்கு விடக்குள்ள எத நிப்பாட்டணும், எத குறைக்கணும் எண்டு எழுதி வாங்குங்க.

எனக்கு இரைப்பையில பைபாஸ் செஞ்சு 8 மாசம், 41 கிலோ குறைஞ்சிரிக்கு, அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை கலியாண வீட்டுல சஹன்ல (கூடிச் சாப்பிடுற பெரிய தட்டுல) இரிந்து நாலு வாய் சோறு, பிறகு வட்டிலப்பம் ரெண்டு கரண்டி. கால் மணித்தியாலத்துல வேர்த்து, நெஞ்சு அடிச்சு, தலை சுத்தி, வயித்தால போய், ஹார்ட் அட்டாக் எண்டு ஆக்கள் தூக்கிக்கொண்டு ஓடிட்டாங்க. ஈ.சி.ஜி. நல்லம் எண்டாங்க. என்ன இது?
— அக்கரைப்பற்று

தம்பி, ஈ.சி.ஜி. எடுத்தது நல்ல வேலை, நெஞ்சு விசயத்துல பாத்துட்டுத்தான் சிரிக்கணும். இதுக்கு டம்பிங் எண்டு பேர். பைபாஸ்ல இரைப்பைய ஒரு சின்னப் பையாக்கி அத நேரா சிறுகுடலோட பொருத்திருவாங்க, ஸ்லீவ்ல அப்பிடி இல்ல. முந்தி இனிப்பு இரைப்பையில நிண்டு கொஞ்சம் கொஞ்சமா இறங்கினது, இப்ப ஒரேயடியா குடலுக்குள்ள போய் விழுகுது, குடல் உடம்புல உள்ள தண்ணிய இழுக்குது, அதால வேர்வையும் படபடப்பும். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேந்த வட்டிலப்பம் இதுக்கு ஒண்டாம் நம்பர் சாமான். இன்னொரு வகையும் இரிக்கு, சாப்பிட்டு ஒண்டு தொடக்கம் மூணு மணித்தியாலத்துல சீனி குறைஞ்சு கை நடுங்கும், நீங்க வாகனம் ஓடுறீங்க எண்டா அத டொக்டர்ட கட்டாயம் சொல்லுங்க. இனிப்ப விட்டா, மெதுவா மெண்டா, சாப்பாட்டோட தண்ணி குடிக்காம முன்னுக்கும் பின்னுக்கும் அரை மணித்தியாலம் இடைவெளி விட்டா பெரும்பாலும் அடங்கிரும்.

சஹன் விசயம் எனக்கு நல்லா விளங்குது. ஒரே தட்டச் சுத்தி ஆறு பேர் இரிக்கக்குள்ள உங்கட கை மட்டும் நிண்டா அஞ்சு பேரும் பாக்கிறாங்க, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" எண்டு இறைச்சித்துண்ட உங்கட பக்கம் தள்ளுறாங்க. அந்த இறைச்சிய மட்டும் சின்னதா பிச்சு, நல்லா மெண்டு, மத்தாக்கள் முடிக்கிற வரைக்கும் அதையே சாப்பிட்டுக்கொண்டு இரிங்க. புரதம்தான் உங்களுக்கு வேணும், சோத்த அவங்க பாத்துக்கொள்ளுவாங்க. கலியாண வீட்டு கதைய குறைக்கணுமெண்டா "டொக்டர் இனிப்புக்கு தடை போட்டிரிக்கார்" எண்டு சொன்னா காணும், சீனி வருத்தக்காரர் இல்லாத வீடு நம்ம பக்கம் எங்க இரிக்கு.

ஸ்லீவ் செஞ்சு 4 மாசம், சீப்புல கத்தை கத்தையா முடி வருது. மொட்டையாகிருவனோ?
— திருக்கோவில்

இல்ல மகள். மூணு மாசத்துல தொடங்கி ஆறு மாசம் மட்டும் கொட்டும், பிறகு திரும்ப வளரும், உடம்பு திடீரெண்டு மெலிஞ்ச அதிர்ச்சி அது. ஆனா புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது போகுதா எண்டு பாருங்க, மீன், முட்டை, பருப்பு, தயிர் முதல்ல, சோறு கடைசியில. மட்டக்களப்பு அம்பாறையில இரிந்துகொண்டு எருமைத் தயிருக்கும் மீனுக்கும் பஞ்சம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, பாணி மட்டும் ஊத்தாதீங்க. இரும்புச்சத்தும் பாக்கச் சொல்லுங்க. விளம்பரத்துல வாற எண்ணெய்க்கு காசு கொட்டாதீங்க.

ராத்தா, ஒப்பரேஷன் செஞ்சு 5 மாசத்துல நோன்பு வருது. பிடிக்கலாமா?
— காத்தான்குடி

முதல் வருஷம் வேணாம் எண்டுதான் பெரும்பாலான டொக்டர்மார் சொல்றாங்க. பசி உங்களுக்கு பிரச்சினையே இல்ல, தண்ணிதான் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஒண்டரை லீற்றர் தண்ணி உள்ளுக்க போகணும், நீங்க மடக் மடக் எண்டு குடிக்கேலாது, உறிஞ்சி உறிஞ்சித்தான். நோன்பு திறந்து கஞ்சி, தராவீஹ் தொழுகை, நித்திரை எல்லாம் போக சஹருக்குள்ள ஒண்டரை லீற்றர் எப்பிடி இறங்கும்? நம்ம பக்கத்து வெயிலுக்கு சிறுநீரகம் காஞ்சிரும். விட்டமினும் புரதமும் அதே அஞ்சாறு மணித்தியாலத்துலதான் போகணும். நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இரிக்குதானே, மௌலவிட்ட கேளுங்க, கேக்கக்குள்ள டொக்டர் சொன்னதையும் முழுசா சொல்லுங்க. அடுத்தடுத்த வருஷம் ரத்தமெல்லாம் சரியா இரிந்தா பிடிக்கிற ஆக்கள் இரிக்காங்க.

ஊசி போட்டாலே மெலியலாம் எண்டு சொல்றாங்களே, பிறகேன் வெட்டணும்?
— மட்டக்களப்பு டவுன்

செமாகுளுடைட், டிர்செபடைட் எண்டு வாற ஊசிய கேக்கிறீங்க. பொய்யில்ல, வேலை செய்யுது. 2021ல வந்த பெரிய ஆய்வுல செமாகுளுடைட் கிழமைக்கு ஒருக்கா போட்ட ஆக்களுக்கு 68 கிழமையில உடம்பு எடையில 15 வீதத்துக்குக் கிட்ட குறைஞ்சிரிக்கு, டிர்செபடைட் அதவிட கூட. ஸ்லீவ்ல 25 வீதத்துக்குக் கிட்ட, பைபாஸ்ல இன்னும் கொஞ்சம். வித்தியாசம் என்னெண்டா ஊசிய நிப்பாட்டினா ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துரும். மாசாமாசம் அந்தக் காசு உங்களுக்கு கட்டுப்படியாகுமா எண்டு முதல்லயே கணக்கு பாருங்க. 30, 32 பி.எம்.ஐ. ஆக்களுக்கு நான் ஊசியத்தான் முதல்ல டொக்டர்ட கேக்கச் சொல்லுவன். ஆரோ கொண்டுவந்து குடுத்தது, ஃபேஸ்புக்ல வித்தது எண்டு மட்டும் போட்டுராதீங்க, ஐஸ்ல வராத ஊசிக்கு என்ன உத்தரவாதம்.

வயசு 27, பி.சி.ஓ.எஸ். (சூலகத்துல நீர்க்கட்டி) இரிக்கு, மாதவிடாய் ஒழுங்கில்ல, 104 கிலோ. கலியாணம் பேசுறாங்க. கலியாணத்துக்கு முந்தி ஒப்பரேஷன் செய்யலாமா? மாப்பிள வீட்டுக்கு சொல்லணுமா? அம்மா மறைச்சுச் செய்வம் எண்டு சொல்றா.
— கல்லாறு

செய்யலாம், ஆனா கலியாணத் திகதிய வெச்சுக்கொண்டு செய்யாதீங்க. எடை குறையக்குள்ள பி.சி.ஓ.எஸ். ஆக்களுக்கு மாதவிடாய் ஒழுங்காகி பிள்ளை தங்குறதும் லேசாகும், நாம எதிர்பாக்கிறதுக்கு முந்தியே. அதுதான் இடக்கு. ஒப்பரேஷனுக்குப் பிறகு 12 தொடக்கம் 18 மாசத்துக்கு பிள்ளை உண்டாகக்கூடாது, அந்த நேரம் உங்கட உடம்புக்கே சத்து காணாது, பிள்ளைக்கு எங்கால. நம்ம ஊர்ல கலியாணம் முடிஞ்சு மூணாம் மாசமே "விசேசம் ஒண்டுமில்லையா" எண்டு கேக்கிற மாமிமாருக்கு நீங்க என்ன பதில் சொல்லப்போறீங்க? மறைச்சு செஞ்சா அந்தக் கேள்விக்கு பதிலே இல்லாமப் போயிரும். பைபாஸ் எண்டா கர்ப்பத்தடைக் குளிசை ஒழுங்கா உறிஞ்சாது எண்டும் ஒரு பயம் இரிக்கு, வேற முறை டொக்டர்ட கேக்கணும், அதுக்கும் மாப்பிளைக்கு தெரிஞ்சிரிக்கணும்.

மறைக்கவும் ஏலாது மகள். ஒரு பிடி சோத்தோட எழும்புற பொம்புளைய வீட்டுல மறைச்சு வெக்கிற எப்பிடி? விட்டமின் குளிசை ஆயுசு முழுக்க. கை, வயிறு, தொடை தோல் தொங்கும், உங்கட வயசுக்கு கொஞ்சம் சுருங்கும், முழுக்க சுருங்காது, எனக்கு மேல்கை தொங்குறது சட்டைக் கையால மறையிது, வீட்டுல ஆருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் சொல்லவேணாம். கட்டப்போற பொடியனுக்கு சொல்லுங்க, அவர் அதுக்கு விலகினா புரோக்கருக்கு காசு மிச்சம்.

என்ட மனுசி ஸ்லீவ் செஞ்சு ரெண்டரை வருஷம். 112ல இரிந்து 76க்கு வந்தவ, இப்ப 85. சோறு கொஞ்சம்தான் சாப்பிடுறா, ஆனா நாள் முழுக்க பிளேன்டி, பிஸ்கட். கொழும்பு கிளினிக்குக்கு ஒரு வருஷமா போகல்ல, இரவு பஸ்ல போய் ஒரு நாள் மினக்கெட்டு வரணும் எண்டு விட்டுட்டா, குளிசையும் முடிஞ்சுட்டு. இப்ப கால் பாதம் விறைக்குது எண்டு சொல்றா. இரைப்பை திரும்ப விரிஞ்சுட்டா? திரும்ப ஒப்பரேஷன் செய்யணுமா?
— சம்மாந்துறை

தம்பி, நீங்க எடையக் கேக்கிறீங்க, நான் பாதத்தப் பாக்கிறன். விறைப்பு எண்டது விட்டமின் பி12 குறைவா இரிக்கலாம், இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு குளிசைய விட்டா வாற சாமான். அவ மெட்ஃபோமின் எண்ட சீனிக் குளிசையும் போடுறவ எண்டா இன்னும் கூட, அந்தக் குளிசையும் பி12 குறைக்கும். நாள்போனா நரம்பு திரும்ப சரிவராது. இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்க, கொழும்புக்கு இல்ல, கல்முனைக்கு போங்க. பி12, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து), ஹீமோகுளோபின், கல்சியம், விட்டமின் டி, சீனி எல்லாம் ரத்தத்துல பாக்கச் சொல்லுங்க. ரத்தம் எடுக்க கொழும்பு தேவையில்ல. பி12 குறைவு எண்டா ஊசியா போடுவாங்க, அதுக்கும் கொழும்பு தேவையில்ல. இதோட சத்தி நிக்காம வருது, நடக்கக்குள்ள தள்ளாடுது, ரெண்டா தெரியுது எண்டா அது வேற விட்டமின், தயமின், அப்ப கிழமை எல்லாம் பாக்கேலாது, அண்டைக்கே வார்டுக்கு.

நம்ம பக்கத்து ஆக்களுக்கு ஒப்பரேஷன விட ஆபத்து இந்த ரெண்டாம் வருஷம்தான் எண்டு நான் சொல்லுவன். முதல் வருஷம் எடை தானா இறங்குது, ஆக்கள் "மெலிஞ்சுட்டா" எண்டு சொல்றாங்க, கிளினிக்குக்கு ஆசையா போறம். ஒண்டரை வருஷத்தோட இறக்கம் நிக்கும், பாராட்டும் நிக்கும், அப்ப 300 கிலோமீற்றருக்கு மேல பஸ்ல போறதுக்கு உடம்பு நல்லா இரிக்கிற ஒருத்தருக்கு மனசு வராது. அவவ ஏசாதீங்க. ஒருக்கா மட்டும் கொழும்பு கிளினிக்குக்கு போய், கிளினிக் கொப்பிய காட்டி, "இனி ரத்தமும் குளிசையும் கிட்ட உள்ள மெடிக்கல் கிளினிக்ல பாக்க கடிதம் தாங்க, வருஷத்துக்கு ஒருக்கா இங்க வாறம்" எண்டு கேளுங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இரிக்கு, கல்முனையில ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி இரிக்கு. இத ஒப்பரேஷனுக்கு முந்தியே பேசி வெக்கணும், இன்னும் செய்யாத ஆக்கள் இந்தப் பதில வெட்டி வெச்சுக்கொள்ளுங்க. அதுக்கு வழி இல்லாட்டி ஒப்பரேஷன கொஞ்சம் தள்ளிப்போடுங்க எண்டுதான் நான் சொல்லுவன்.

எடை கொஞ்சம் ஏறுறது நிறையப் பேருக்கு நடக்கும், 36 கிலோ குறைஞ்சதுல 9 வந்திரிக்கு, 27 இன்னும் கையிலதான் இரிக்கு. இரைப்பை கொஞ்சம் விரியும்தான், ஆனா நீங்க எழுதினதுலயே பதில் இரிக்கு, பிஸ்கட். சின்ன இரைப்பைக்கு சோறு, இறைச்சி, மீன் பாரம், பிஸ்கட் தேத்தண்ணியில கரைஞ்சு தடையில்லாம இறங்கிரும், நாள் முழுக்க இறங்கும். அந்த டின்ன வீட்டுல வாங்குறது ஆர் எண்டு பாருங்க, பிள்ளைகளுக்கு எண்டு நீங்கதான் வாங்கிக்கொண்டு வாறீங்களோ தெரியாது. அவிச்ச முட்டை, கடலை, தயிர் கைக்கு எட்டுற இடத்துல வைங்க, தேத்தண்ணிக்கு சீனி வேணாம். திரும்ப ஒப்பரேஷன் எண்ட கதை டொக்டர் கமெரா விட்டுப் பாத்து, டயட் மிஸ்ஸும் பாத்த பிறகுதான்.

இன்னொண்டு, விறைப்புக்கும் கால் நோவுக்கும் எண்டு ஃபாமசில டைக்ளோபினக், ஐபுபுரூபன் வாங்கிக் குடுத்துராதீங்க, ஸ்டேபிள் அடிச்ச இரைப்பையில புண் வந்துரும், பைபாஸ் ஆக்களுக்கு இன்னும் மோசம். நோவுக்கு பனடோல். ரத்த ரிப்போட் வந்ததும் எனக்கு எழுதுங்க, அடுத்த இதழுக்கு காத்திரிக்காம தனியா பதில் போடுறன்.